இரும்புத்தலையன் இடது தோளை இறக்கும்போது

நான் யாரோடும் பேசுகிறவள் இல்லை அக்கா. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எந்த ஊர் என்று கேட்டால்கூடச் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். உங்கள் பையில் ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்ததும்தான் வாய் திறந்துவிட்டது. இரும்பு முகமூடி, ஒற்றைக் கண், நெற்றியில் குறுக்கே ஒரு வெட்டு. இரும்புத்தலையன்தானே அது? இங்கிலீஷில் அவனுக்கு வேறு பேர் இருக்கும். எங்கள் வீட்டில் அவன் இரும்புத்தலையன்.

நீங்கள் அந்த கேம் விளையாடுவீங்களா? தம்பி ஒட்டியதா? சரி. அப்படியானால் உங்களுக்கு அவனைத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிகிற மாதிரி அவனைச் செய்த கம்பெனிக்காரனுக்கே தெரியாது.

பாப்பா கால் உங்கள் மேல் படுகிறதா? மடக்கி வைக்கிறேன். தூங்கட்டும், அழுது அழுது இப்போதுதான் கண் மூடினாள். கன்னம் பல் வலியில் வீங்கியிருக்கிறது. என் சேலையைப் பார்க்கிறீங்களே, அது பீட்ரூட். காலையில் நறுக்கினேன், மாற்றாமல் அப்படியே கிளம்பிவிட்டேன். துறையூரில் எங்கள் அக்கா இருக்கிறாள். போகிறேன் என்று சொல்லவில்லை, சும்மா போகிறேன். எருமப்பட்டி வந்துவிட்டதா? இன்னும் இல்லையா.

எங்கள் வீட்டுக்காரர் பேர் பெரியண்ணன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். கை அவ்வளவு சுத்தம். அவர் ஒட்டிய இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால், எங்கே ஒட்டினார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குடிக்க மாட்டார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீதியில் குடிக்காத ஆம்பிளைகள் இரண்டே பேர், இன்னொருத்தர் படுத்த படுக்கை.

கை நீட்டுவார். எந்த வீட்டில் இல்லை? கல்யாணம் ஆன மறு மாசத்திலிருந்து உண்டு. ஆனால் முன்னாடியெல்லாம் அதற்கு நேரம் காலம் கிடையாது அக்கா. குழம்பு, செருப்பு கிடந்த இடம், நான் சிரித்தது, சிரிக்காதது, எதற்கு வேண்டுமானாலும் விழும். கேம் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்தது. அதில் தோற்றால் அடி, ஜெயித்தால் இல்லை. எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீங்க.

போன வருசம் அவரோடு வேலை செய்கிற மாதேசு சேலத்திலிருந்து பழைய கேம் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். டிவியில் மாட்டிவிட்டு, அந்த ரிமோட்டைக் கையில் பிடித்து விளையாட வேண்டும். ஒத்தை ஆள் விளையாட்டு. ஒரே ஒரு வீரன், உடைந்த கேடயம் ஒன்று, கத்தி ஒன்று. கூட ஆள் கிடையாது. பனிக்காட்டிலிருந்து நடந்து நடந்து, வருகிறவனையெல்லாம் வெட்டி, கடைசியில் கோட்டைக்குள் போனால் இரும்புத்தலையன் நிற்பான். பனை உசரம். கையில் உலக்கை மாதிரி ஒரு கதாயுதம். அவனைக் கொன்றால் பொன் எழுத்து வரும். அவன் உன்னைக் கொன்றால் சிவப்பு எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆறாவதோடு நின்றவள். ஆனால் நிறத்தைப் பார்த்தாலே போதும். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். சிவப்பு என்றால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தண்ணி எடுக்கப் போய்விடுவேன், தண்ணி வராத நேரமாக இருந்தாலும்.

வாங்கி வைத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். மிக்ஸி வாங்கினால் அது மிக்ஸியாகத்தானே இருக்கும்? மறு மாசம் எழுந்து வேகமாகச் சுற்றி விரலை வெட்டுமா? இது அப்படி இல்லை அக்கா. விற்ற பிறகும் கம்பெனிக்காரன் கையை எடுக்க மாட்டான். அப்டேட் என்று ஒன்று விடுவான். வந்ததும் பெட்டி தானாக இறக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு நேற்று இருந்த கேம் இன்றைக்கு இருக்காது.

இனி என்னென்ன வரப்போகிறது என்று கம்பெனி ஒரு படம் போட்டிருந்தது. ஒரு ரோடு, ஓரத்தில் நாலு மைல்கல். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பார். என் போனில் கேமராவைக் காட்டினால் இங்கிலீஷைத் தமிழாக்கிக் காட்டும். அவர் வேலைக்குப் போன பிறகு நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் கல்லில் "திருத்தங்கள் மற்றும் வாழ்க்கைத் தர மேம்பாடுகள்" என்று இருந்தது. சிரிக்காதீங்க. நான் அதைப் படித்துவிட்டு மாரியம்மனுக்கு ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

இரண்டாவது கல்லில் "மிகக் கடின நிலை". மூன்றாவதில் புது ஊர், புது ஆயுதங்கள். நாலாவது கல்லைக் கறுப்புத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அடியில் ஒரு வரி: "இது என்றும் ஒருவர் மட்டுமே ஆடும் ஆட்டமாகவே இருக்கும்." மாதேசு மாதிரி ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து விளையாடுகிற மாதிரி செய்யச் சொல்லிக் கேட்டிருப்பார்கள்போல. முடியாது என்றுவிட்டார்கள்.

முதல் கல் ஒரு புதன்கிழமை வந்தது. வீரனுடைய பையைத் திறக்கிற பட்டனை லேசாக்கியிருந்தார்கள். அதுதான் வாழ்க்கைத் தரமாம். அதோடு, எல்லாரும் இரும்புத்தலையனைச் சீக்கிரம் கொன்றுவிடுகிறார்கள் என்று அவனுக்குக் கால் பங்கு உயிரைக் கூட்டிவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் இவர் பதினெட்டுத் தடவை செத்தார். அதற்கு மேல் நான் எண்ணவில்லை. மாதேசு போன் பண்ணினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "என்னடா பெரியண்ணா, இரும்புத்தலையன் இன்னும் உன்னை மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கானா? நான் நேத்தே முடிச்சுட்டேன். ரிமோட்டைப் பொம்பளைகிட்டக் குடுத்துப் பாரு, அவளாவது கொல்லட்டும்."

இவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை வைத்தார். "டீ ஏண்டி ஆறிப்போச்சு?" என்று கேட்டார். எழுந்து கைலியை மடித்துக் கட்டினார்.

அக்கா, இதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கோங்க. அடிக்கிறவனுக்கு ஒரு அடையாளம் உண்டு. இவர் கைலியை மடித்துக் கட்டுவார். கட்டி முடித்த கை கீழே இறங்காது, அப்படியே மேலே வரும். நாலு வருசத்தில் எனக்கு அது பாடம். ஓங்குகிற கைக்கு எதிர்ப்பக்கம் ஓடக் கூடாது, அங்கே இன்னொரு கை காத்திருக்கும். பின்னாடியும் போகக் கூடாது, காலைத் தூக்கிவிடுவார். ஓங்கின கைக்குக் கீழேயே, அக்குளுக்குள் புகுந்து போகிற மாதிரி போக வேண்டும். அப்போது அடி முதுகில் படும். முதுகு தாங்கும், முகம்தான் தாங்காது. முகத்தில் பட்டால் கடைக்குப் போக முடியாது.

அன்றைக்கு நான் டீ டம்ளரைக் கையில் வைத்திருந்தேன், புக முடியவில்லை. இதோ இந்தச் சுண்டு விரல் அன்றைக்குப் போனதுதான். வளைந்தே நிற்கிறது. வாடகை வாங்குகிற வீட்டுக்கார அம்மா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் டிவியை உரக்க வைத்துவிடுவார்கள். அடுத்த வீட்டு விசயத்தைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், பெரிய மனசு.

மறுநாள் கம்பெனிக்கு லெட்டர் எழுதினேன். ஆமாம் அக்கா, நான்தான். அந்த மைல்கல் படத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஒரு வரி, இரண்டு வரி. எனக்கு லெட்டர் என்றால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் வரும். அனுப்புநர் போட்டு, பேர், கதவு எண், வீதி எல்லாம் போட்டு, பெறுநர் போட்டேன். "ஐயா, வணக்கம். இரும்புத்தலையனுக்கு உயிரைக் கொஞ்சம் குறைத்து வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கஷ்டமாக இருக்கிறது. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, பெ. கலாமணி." வளைந்த விரலோடு அதை அடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பதில் போட்டார்கள்! பொய்யில்லை, கம்பெனியே போட்டது. போனைத் தமிழாக்கச் சொல்லிப் படித்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி, வீரரே! உங்கள் வலி எங்களுக்குக் கேட்கிறது. இரண்டாவது கல்லில் இன்னும் பெரிய வலி காத்திருக்கிறது!" பின்னாடி மூன்று நெருப்புப் படம். நாற்பத்தொரு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீரரே என்று போட்டிருந்தார்களே, அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

உயிரைக் குறைக்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்ய? இவருடைய வீரனுக்குப் பலத்தைக் கூட்ட வேண்டியதுதான்.

அந்த கேமில் ஒருத்தனைக் கொன்றால் ஒரு ரத்தத்துளி கிடைக்கும். துளி சேர்ந்தால் கவசம் கனமாகும், கத்தி கூராகும். இவருக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது, நேராக இரும்புத்தலையனிடம் போய் நிற்பார், சாவார். அதனால் அவர் காலையில் எட்டரைக்குப் பட்டறைக்குப் போனதும், பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நான் உட்கார்ந்தேன். பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கிண்ணத்தில் பொரி கொடுத்துவிடுவேன்.

நான் கோழிக் கடைக்குப் போனால்கூட அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் எனக்கு. இதில் சும்மா பொம்மைதானே. முதலில் முழங்காலில் வெட்ட வேண்டும். விழுவான். விழுந்தவன் கையை ஊன்றி எழப் பார்ப்பான், அந்தக் கையை வெட்ட வேண்டும். முருங்கைக்காயை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். நன்றாக இருக்கும் அக்கா அந்தச் சத்தம். அப்புறம் கழுத்தில் காலை வைத்து, கத்தியை இறக்கி, ஒரு திருகு திருகி எடுக்க வேண்டும். திருகாமல் எடுத்தால் ஒரு துளி, திருகி எடுத்தால் இரண்டு துளி. நான் ஒருத்தனையும் திருகாமல் விட்டதில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு பேர். சோறு வடிக்க மறந்த நாளெல்லாம் உண்டு. எல்லாம் அவருக்காகத்தான்.

ஒரு நாள் துளி சேர்த்துக்கொண்டே போனதில் கோட்டைக்குள் போய்விட்டேன். இரும்புத்தலையன் நின்றான். அவன் கதையைத் தூக்குவதற்கு முன்னால் இடது தோளை லேசாக இறக்கினான். லேசாகத்தான், கண் இமைக்கிற நேரம். எனக்கு அது கைலி மடிக்கிற மாதிரியே இருந்தது. என் விரல் தானாகப் பட்டனை அழுத்திவிட்டது. வீரன் ஓங்கின கைக்குக் கீழே புகுந்து அந்தப் பக்கம் எழுந்தான். ஒரு அடி படவில்லை. மறுபடியும் தோளை இறக்கினான், மறுபடியும் புகுந்தேன்.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஏன் தோற்கிறார் என்று. அவருக்கு அடிக்க மட்டும்தான் தெரியும். ஒதுங்கத் தெரியாது. அவர் எந்தக் காலத்தில் ஒதுங்கினார், தெரிவதற்கு?

கொல்லவில்லை நான். கொன்றால் அவருக்குத் தெரிந்துவிடுமே. டிவியில் அவன் உயிரைக் காட்டுகிற பட்டை ஒரு கோடாகத் தேய்ந்திருக்கும்போது பெட்டியை அணைத்துவிட்டேன். பாப்பா பொரிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா கொல்லலை?"

பத்து நாள் துளி சேர்த்தேன். பதினோராம் நாள் சாயங்காலம் அவர் இரண்டே தடவையில் இரும்புத்தலையனைக் கொன்றார். பொன் எழுத்து வந்தது. "பாத்தியாடி! பாத்தியா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். பிரியாணி வாங்கி வந்தார், எனக்கும் தனிப் பொட்டலம். துளி எப்படிக் கூடியது என்று அவர் கேட்கவே இல்லை. வீட்டில் குடம் நிறைந்திருந்தால் யார் தூக்கி வந்தது என்று கேட்பாரா? அது மாதிரிதான்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாசம் அக்கா. ஒரு அடி இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். ஆனால் நான் பகலில் விளையாடுவதை விடவில்லை. ஏன் என்று கேட்காதீங்க. கை சும்மா இருக்கவில்லை.

முந்தாநாள், வெள்ளிக்கிழமை, இரண்டாவது கல் வந்தது.

தண்ணி இருக்கிறதா? கொஞ்சம் கொடுங்க. போதும், போதும்.

செத்த இரும்புத்தலையன் எழுந்துவிட்டான் அக்கா. இந்தத் தடவை இரண்டு கையிலும் கதை. நான் சேர்த்த துளிக்கெல்லாம் பாதிப் பலம்தான். அது பரவாயில்லை. ஒதுங்குவதை எடுத்துவிட்டார்கள். அதாவது ஒதுங்கலாம், ஆனால் ஒரு கை போனதும் இன்னொரு கை வந்துவிடும். எங்கே புகுந்தாலும் அடி. புதுசாக ஒன்றே ஒன்று வைத்திருந்தார்கள். அவன் தோளை இறக்கும்போது பின்னாடி போகாமல், ஒரு எட்டு முன்னால் போய், வருகிற கதையைக் கேடயத்தால் தட்டிவிட வேண்டும். சரியான நேரத்தில் தட்டினால் அவன் ஒரு நொடி திறந்து நிற்பான். அந்த நொடியில் மூன்று அடி. மூன்றும் அடிக்க வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் இரட்டிப்புக் கோபத்தோடு எழுவான்.

நேற்று சனிக்கிழமை பகல் முழுக்க அதையே பழகினேன். முதலில் எனக்கு வரவே இல்லை. ஓங்கின கைக்கு முன்னால் போவதாவது! உடம்பு கேட்குமா? நாற்பது தடவைக்கு மேல் செத்தேன். மத்தியானத்துக்கு மேல்தான் விரலுக்குப் பிடிபட்டது. ஒன்று என்று எண்ணி, ரெண்டு என்று சொல்ல வாய் திறக்கும்போது தட்ட வேண்டும்.

சாயங்காலம் அவர் உட்கார்ந்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நான் தண்ணிக்குப் போய்விட்டேன். வந்த பிறகும் விழுந்தது. அதை விடுங்க.

இன்றைக்கு ஞாயிறு. லீவு. காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே அறை, மூலையில் அடுப்பு. அவர் இரண்டு தடவை செத்துவிட்டு ரிமோட்டைக் கீழே வைத்தார். கோபமாக இல்லை. சத்தியமாகக் கோபமாக இல்லை. "பாப்பா, அப்பாகிட்ட வா" என்று தூக்கிக் கொஞ்சத்தான் கையை உயர்த்தினார்.

பாப்பா சட்டென்று குனிந்து, அவர் கைக்குக் கீழே புகுந்து, அந்தப் பக்கம் உருண்டு எழுந்து கை தட்டினாள். "தப்பிச்சுட்டேனே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி கழுதை, யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"அம்மா. அம்மா டெய்லி இரும்புத்தலையனைக் குத்துவா. நெறைய ரத்தம் வரும்."

தோசை தீய்ந்த வாசம் எனக்கு வந்தது. திருப்ப முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் ரிமோட்டை எடுத்து நீட்டினார். "வா. கொன்னு காட்டு."

"எனக்கென்னங்க தெரியும், புள்ள ஏதோ உளறுது..."

"வாடிங்கறேன். மாதேசு சொன்னான்ல, பொம்பளைகிட்டக் குடுன்னு. வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். தோற்றுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன் அக்கா. குலதெய்வத்து மேல் ஆணை. முதல் அடியிலேயே செத்துவிட்டால் அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், தோசை சாப்பிடலாம். ஆனால் இரும்புத்தலையன் வந்து நின்றான், இடது தோளை இறக்கினான். விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்று, ரெண்... தட்டிவிட்டேன். மூன்று அடி. மறுபடி தோள். மறுபடி மூன்று. அவன் மண்டியிட்டான், முகமூடி கழன்று விழுந்தது. கழுத்தில் கத்தியை வைத்துத் திருகினேன்.

பொன் எழுத்து வந்தது. ஜெயித்த மேளம் அடித்தது. பாப்பா குதித்துக் குதித்துக் கை தட்டினாள். "அம்மா ஜெயிச்சுட்டா! அப்பா தோத்துட்டாரு!"

பல் வலி இல்லை அக்கா. பொய் சொல்லிவிட்டேன். அவர் பாப்பாவை அறைந்தார். கைலிகூட மடிக்கவில்லை, அடையாளமே காட்டவில்லை, உட்கார்ந்த வாக்கிலேயே புறங்கையால் ஒன்று. அவள் அடுப்பு மூலையில் போய் விழுந்தாள். அழவில்லை. அழாததுதான் எனக்குப் பயம். ஓடிப்போய் அவளை எனக்குப் பின்னாடி தள்ளிக்கொண்டேன். அவளுக்குப் பின்னாடி சுவர்.

அவர் எழுந்தார். "ஆத்தாளும் மகளும் சேந்து என்னைப் பொட்டையாக்கிட்டீங்க இல்ல?" என்று சொல்லிக்கொண்டே கைலியை மடித்துக் கட்டினார்.

நீங்களே சொல்லுங்க. புகுந்து போகலாம், எனக்குத் தெரியும். நான் புகுந்தால் அந்த அடி எங்கே போகும்? பின்னாடி பாப்பா. மூன்று வயசு. தலை ஒரு தேங்காய் அளவுதான்.

அடுப்பில் தோசைக்கல் இருந்தது. எங்கள் அம்மா சீராகக் கொடுத்தது, கைப்பிடி வைத்த இரும்புக் கல். தீய்ந்த தோசை அதிலேயே ஒட்டியிருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. பாருங்க, உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது, அப்போது சூடே தெரியவில்லை. ஒரு எட்டு முன்னால் போனேன். ஒன்று, ரெண்... கல் அவர் மணிக்கட்டில் பட்டது. கை அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் நெஞ்சைத் திறந்துகொண்டு நின்றார், ஆச்சரியமாகப் பார்த்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒரு நொடிதான்.

மூன்று அடி அக்கா. நான் எண்ணவில்லை, கை எண்ணியது. முதலாவது காதுக்கு மேலே. முருங்கைக்காய்ச் சத்தம். இரண்டாவது எங்கே பட்டது என்று தெரியாது. மூன்றாவதற்கு அவர் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தார். நிறுத்தியிருக்கலாம். இரண்டோடு நிறுத்தினால் எழுந்துவிடுவாரே என்று அடித்தேன்.

டிவியில் ஜெயித்த மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கார அம்மா அவர்கள் டிவியை உரக்க வைத்தார்கள்.

அதற்கு மேல் எனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமே, அதனால் சரியாகப் பார்க்கவில்லை. துண்டை மடித்துத் தலையில் கட்டிவிட்டேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். ஃபேனை நாலில் வைத்தேன். வெயில் பட வேண்டாம் என்று ஜன்னலைச் சாத்தினேன். குறட்டை மாதிரி மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் அப்படித்தான் தூங்குவார். எழுந்திருப்பார் அக்கா. இரும்புத்தலையன் செத்தே நாள் கணக்காகக் கிடந்தவன், எழவில்லையா? எழுந்தால் முன்னைவிடக் கோபமாக எழுவார், அதனால்தான் துறையூரில் எங்கள் அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாலு நாள் கழித்து, கோபம் ஆறின பிறகு திரும்பிவிடலாம்.

பாப்பா முழிக்கிறாளா? பிஸ்கட் வைத்திருந்தேனே... அட, பையில் இது எங்கே வந்தது? ரிமோட்டு. இவள்தான் எடுத்துப் போட்டிருப்பாள். ஐயோ, இதைத் தேடுவாரே.

அக்கா, உங்கள் தம்பிக்கு அந்தக் கம்பெனியில் யாரையாவது தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அந்த நாலாவது கல், துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்களே, அதை வர விட வேண்டாம். இரண்டாவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஏன் போனை எடுக்கிறீங்க? யாருக்கு? நூத்தியெட்டா?

தூங்குகிறவருக்கு எதற்கு அக்கா ஆம்புலன்ஸ்? எவ்வளவு நேரம் ஆயிற்றா? பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றேன், அப்புறம் இந்த பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

ஏன் மறுபடியும் என் சேலையைப் பார்க்கிறீங்க?

அவர் கண் மூடியிருந்ததா என்றா கேட்கிறீங்க? ஒரு கண். ஒரு கண் திறந்துதான் இருந்தது. தூக்கத்தில் சிலபேருக்கு இருக்குமே.

இருக்காதா?

சேலையில் பீட்ரூட் இல்லை அக்கா.

விலாசமா? சொல்கிறேன். மெதுவாகச் சொல்கிறேன், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். லெட்டரில் போட்டது எனக்கு மனப்பாடம். அனுப்புநர், பெ. கலாமணி, கணவர் பெயர் பெரியண்ணன், நாலு பை பதினேழு பி, தண்ணீர்த் தொட்டி வீதி, பட்டறை லைன் பின்புறம், நாமக்கல். பச்சைக் கதவு. பூட்டவில்லை, சும்மாதான் சாத்தியிருக்கிறேன்.

வைத்துவிடாதீங்க, இன்னொன்று சொல்லுங்க. உள்ளே போகிறவர்கள் தூக்கும்போது அவர் எழுந்து கைலியை மடித்துக் கட்டினால், பின்னாடி ஓட வேண்டாம். ஓங்கின கைக்குக் கீழேயே குனிந்து புகுந்து போய்விடச் சொல்லுங்க. முதுகில்தான் படும்.